சீசாவில் இரண்டு விரல் தண்ணீர்

ஆடி முழுக்க எருமப்பட்டியில் பெய்யும் மழையை அளந்து நோட்டில் எழுதி, அதைப் பள்ளிக்கூடப் பொருட்காட்சியில் வைக்கப்போகிறாள் என் மகள். மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைச் சீசாவில் செருகி மழைமானி செய்து கொடுத்தது நான்தான்.

தினமும் சைபர்.

இன்று காலை சீசாவில் இரண்டு விரல் தண்ணீர் நின்றது. கலப்பையை எடுக்க ஓடினேன்.

"மண்ணு காஞ்சு கெடக்குதுங்கப்பா" என்றாள் மகள்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "குடிக்கற தண்ணியில நாந்தான் ஊத்துனேன் சாமி. தெனமும் சைபரே எழுதுனா வாத்தியாரு உன்னத்தான வைவாரு?"

மகள் தண்ணீரைக் கன்றுக்குட்டிக்கு ஊற்றிவிட்டு, நோட்டில் இன்றைக்கும் சைபரே போட்டாள்.

கலப்பையைப் பழையபடி சுவரில் சாத்தினேன்.

உங்கள் ஊரில் வேறு எண் எழுத முடிந்தால் ஒரு கார்டு போடுங்கள். சீசாவோடும் மாடுகளோடும் நாங்களே வந்துவிடுகிறோம்.