சுவரைப் பார்த்த ஜன்னல்

ஹட்டன் கடைத்தெருவில் முஹ்ஸின் என்று கேட்டால் எந்த முஹ்ஸின் என்பார்கள். பழைய கதவு முஹ்ஸின் என்றால் உடனே கை காட்டுவார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையில் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரில் சாய்ந்து நிற்கும். துரைமார் காலத்துப் பங்களாக்கள் விலைக்கு வரும்போது அவற்றை மரத்துக்காக வாங்கி, கதவு, ஜன்னல், உத்தரம், மாடிப்படி என்று பிரித்துக் கொண்டுவந்து விற்பது அவருடைய தொழில்.

பின்பக்க வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கொஞ்சம் தடுமாறிப்போவார்கள். வாசற்கதவு வீட்டைவிடப் பெரியதாகத் தெரியும். படுக்கையறையில் குளிர்காயச் சலவைக்கல் பதித்துக் கட்டிய கணப்பு ஒன்று இருந்தது. மேலே புகைபோக்கி கிடையாது. ரம்லா அதற்குள் வெங்காயக் கூடையை வைத்திருந்தாள். கூடத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி போட்டு வெளியே தள்ளிக் கட்டிய பெரிய ஜன்னல், அதன் உட்புறத்தில் உட்காரப் பலகை. உட்கார்ந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். கண்ணாடியைத் திறந்து கையை நீட்டினால் சுவரைத் தொடலாம்.

எல்லாம் ரம்லாவுக்காக அவர் கொண்டுவந்தவை.

கல்யாணமான புதிதில், கொட்டகலைக்கு மேலே விற்பனைக்கு வந்த பங்களா ஒன்றைப் பார்க்கப் போனபோது மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு. காவல்காரர் கதவைத் திறந்துவிட்டதும் ரம்லா செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். கீழே தேயிலை, அதற்கும் கீழே ரயில் பாதை, பாதையை ஒட்டி மூடுபனி.

"யா அல்லாஹ், என்ன அழகு" என்றாள்.

அந்த முகம் அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த வீட்டை வாங்கினார். பிரித்தார். எல்லாவற்றையும் விற்றார், ஜன்னலைத் தவிர. லொறியில் வைக்கோல் பரப்பி, ஒரு கண்ணாடியும் கீறாமல் கொண்டுவந்து, கூடத்துச் சுவரை உடைத்துப் பொருத்தினார். அப்போது பக்கத்தில் வெற்று நிலம்தான் இருந்தது. கட்டடம் பிறகு வந்தது.

ரம்லா ஜன்னலின் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"அந்த வீடு?" என்று கேட்டாள்.

"அதுதான் இது."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. பூரிப்பில் பேச்சு வரவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பூண்டுலோயாவில் ஒரு கணப்பைப் பார்த்து அழகு என்றாள். கணப்பு வந்தது. பொகவந்தலாவையில் ஒரு கதவைப் பார்த்துச் சொன்னாள். கதவு வந்தது. அதற்குப் பிறகு அவள் சொல்வது நின்றுபோயிற்று. கூப்பிட்டால் வருவாள், சுற்றிப் பார்ப்பாள், லொறியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். "எப்படி ஈக்கி?" என்று முஹ்ஸின் கேட்டால், "ஈக்கி" என்பாள், இருக்கிறது என்ற அளவில். பிள்ளை பிறந்துவிட்டது, வயதும் ஏறுகிறது, பெண்களுக்கு ஆசை குறைவது இயல்புதானே என்று அவர் நினைத்தார்.

அவருக்கு ஆசை குறையவில்லை. இப்போது போனில் வேறு வருகிறது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் விற்பனைக்கு வந்த வீடுகளாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். கண்டியில் ஒன்று, பண்டாரவளையில் ஒன்று. கொழும்புக்காரர்கள் வாங்கித் திருத்தி, முன்பிருந்த படமும் பின்பிருந்த படமும் போடுவார்கள். உதிர்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, கூரைத் தகரத்துக்குச் சிவப்பு அடித்து, முற்றத்தில் ரோஜா வைத்து. முஹ்ஸின் அந்தப் படங்களைப் பெரிதாக்கி ஜன்னலின் கொண்டியைப் பார்ப்பார், தளத்தின் பலகையைப் பார்ப்பார். தொழிலுக்காகத்தான் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வார். அவர் கைப்பட்ட வீடு ஒன்றுகூட அந்தப் படங்களில் வராது. அவற்றுக்கு முன்பிருந்த படம் மட்டும்தான் உண்டு.

ரம்லாவுக்கு மூச்சு இளைப்பு வந்தது. முதலில் படியேறினால் வந்தது, பிறகு படுத்தாலே வந்தது. கண்டியில் காட்டினார்கள். மருந்தெல்லாம் எழுதிவிட்டு, வெயில் படுகிற அறையில் வையுங்கள், ஈரம் கூடாது என்றார் டொக்டர். முஹ்ஸின் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். அவ்வளவு பெரிய ஜன்னல் வழியாக ஒரு விரலளவு வெயில்கூட உள்ளே வரவில்லை.

அந்த வாரம்தான் டயகமப் பக்கத்து வீட்டின் படம் போனில் வந்தது. தோட்டத்துக்கு வெளியே, தனியார் காணியில் நின்ற சின்ன பங்களா. ஒரு மூலையில் தகரம் விழுந்து கிடந்தது. ஆனால் கிழக்கே பார்த்து, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த அதே மாதிரி ஜன்னல். வெளியே பள்ளத்தாக்கு.

போனை ரம்லாவிடம் நீட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். பெருவிரலை அந்த ஜன்னல்மேல் வைத்திருந்தாள்.

"எப்படி?"

"சார்ஜ் முடியப் போகுது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அக்குறணையில் வாப்பா விட்டுப்போயிருந்த காணியை விற்று வீட்டை வாங்கினார். எதற்காக வாங்கினார் என்று அவளிடம் சொல்லவில்லை. வீடு முடியட்டும், ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் அந்த ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தலாம், அவள் கொட்டகலையில் சொன்னதை இன்னொரு தடவை சொல்லட்டும், அப்போது சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார். அவள் சொல்ல வேண்டும். அதைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பில் அவருக்கு வேலைக்கு ஓடிப்போகக் கால் பரபரத்தது.

அவருடைய வேலையாட்களுக்குத் தலைவன் செல்லசாமி. கொட்டகலைத் தோட்டத்துக்காரன். எந்த வீட்டையும் நாலு நாளில் எலும்பாக்கிவிடுவான். இந்தத் தடவை பிரிக்கப் போவதில்லை, திருத்தப் போகிறோம் என்றதும் கையிலிருந்த அலவாங்குக் கம்பியைக் கீழே போட்டான்.

"என்னாங்க மொதலாளி, கோழிய வாங்கி மடியில வச்சுக் கொஞ்சப் போறீங்களா?"

"ஆமாடா, கொஞ்சத்தான் போறேன்."

"நமக்குக் கழட்டத்தான் தெரியும். மாட்டத் தெரியாதுங்களே."

"கழட்டினதத் திருப்பிச் செய். அவ்வளவுதான்."

"அப்ப நான் பின்னாலயே நடந்து வரணும்னு சொல்றீங்க" என்று செல்லசாமி நிஜமாகவே இரண்டடி பின்னால் நடந்து காட்டினான். ஆட்கள் சிரித்தார்கள்.

ஆனால் வேலை செய்தான். தகரத்தை மாற்றினார்கள். கதவுகளைச் சுரண்டியபோது பச்சைக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் தேக்கின் சிவப்பு வந்தது. பித்தளைக் கொண்டிகளைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டுத் தேய்த்தார்கள். உளுத்த தளப்பலகைகளுக்குப் பதிலாக முஹ்ஸின் தன் கடையிலிருந்தே பலகை எடுத்துக் கொடுத்தார், நல்லதாகப் பார்த்து. பெரிய ஜன்னலுக்கு செல்லசாமி புள்ளத்தாச்சி ஜன்னல் என்று பேர் வைத்தான். வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறதாம்.

ரம்லாவின் மூச்சு காத்திருக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு நாள் கட்டிலிலிருந்து எழும்பும் நேரம் குறைந்தது. தளவேலை பாதி கிடக்கும்போதே முஹ்ஸின் வேனைப் பிடித்தார். பின் இருக்கையில் தலையணை வைத்து அவளைச் சாய்த்துக்கொண்டு டயகமவுக்குப் போனார்.

"ஒரு வீடு பார்க்கணும்" என்று மட்டும் சொன்னார்.

"ம்" என்றாள். எத்தனையோ தடவை போன பயணம்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றினாள். குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலாலேயே தள்ளிக் கழற்றினாள். உள்ளே கதவுகள் சாயம் சுரண்டப்பட்டு இன்னும் மாட்டப்படாமல் சுவரில் சாய்ந்திருந்தன, கடையில் சாய்ந்திருப்பதைப் போலவே. அவள் அவற்றைப் பார்த்தாள்.

முஹ்ஸின் முன்னால் நடந்தார். இது தேக்கு, இது பலா, இந்தக் கணப்புக்கு மேலே புகைபோக்கி சுத்தமாக ஈக்கி, போன வாரம் எரித்துப் பார்த்தோம். அவர் பேசிக்கொண்டே போனார். ஒவ்வொரு அறையின் வாசலிலும் நின்று திரும்பி அவள் வாயைப் பார்த்தார். உதடு இறுகி இருந்தது. மூச்சுக்காக இறுகியிருக்கிறது என்று நினைத்தார். கடைசியில் ஜன்னல் அறை. காலை வெயில் தளம் முழுக்கக் கிடந்தது. பள்ளத்தாக்கில் பெண்கள் கொழுந்து பறிக்கும் வரிசை மேலேறிக்கொண்டிருந்தது.

இங்கே சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். ஜன்னலின் நிலையில் கையை ஊன்றி நின்றார்.

ரம்லா பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள்.

"இதையுமா?"

"என்னது?"

அவள் விரலால் காட்டினாள். நிலையின் மேல்பக்கத்தில் சோக்குக்கட்டியால் ஒன்று என்று இலக்கம், அதைச் சுற்றி வட்டம். கட்டி அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.

வாங்கப்போகும் வீட்டை அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். சோக்குக்கட்டி சட்டைப் பையில் இருக்கும். நல்ல மரத்தில் இலக்கம் எழுதி வட்டம் போடுவார். வட்டம் போட்டது கடைக்கு. குறுக்கே கோடு போட்டது விறகுக்கு. செல்லசாமியின் ஆட்கள் வட்டத்துக்குள் இருக்கும் இலக்கத்தைப் பார்த்துத்தான் எதை முதலில் கழற்றுவது என்று தெரிந்துகொள்வார்கள். இந்த வீட்டை ரம்லாவுக்குக் காட்டிக்கொண்டு வந்தபோது, அறை அறையாக, நல்லதைப் பார்த்துப் பார்த்து, அவர் கை அதன் வேலையைச் செய்துகொண்டே வந்திருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். வந்த வழியெல்லாம் வட்டங்கள்.

"நான் ஒண்டும் சொல்லலியே" என்றாள் ரம்லா. "வாயத் தொறக்கவே இல்லியே நான். பிறகு ஏன் போட்டீங்க?"

அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நோர்வூட்டுல அந்த மாடிப்படி வீடு ஞாபகம் ஈக்கா?" என்றாள். மூச்சு விட்டு விட்டுப் பேசினாள். "எனக்கு மிச்சம் புடிச்ச வீடு. நீங்க கேட்டுக்கிட்டே ஈந்தீங்க. நான் சும்மா ஈக்கின்னேன். நீங்களும் விட்டுட்டீங்க. அது இன்னும் ஈக்கி. அந்தப் பக்கம் போகக்குள்ள எல்லாம் பார்ப்பேன்."

முஹ்ஸின் கைக்குட்டையால் வட்டத்தைத் துடைத்தார். போகவில்லை. உள்ளங்கையால் தேய்த்தார்.

"ரம்லா, இது பிரிக்க இல்ல. இது ஒன்ட வீடு. நாம வந்து ஈக்கத்தான் செய்றேன். வெயிலுக்காகத்தான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப்பிள்ளை பொய் சொன்னால் பார்ப்பது போல, கோபமில்லாமல்.

"அல்லாஹ் மேல ஆணையா. ஒருக்கா சொல்லு. அழகா ஈக்குன்னு ஒருக்கா சொல்லு. ஒரு ஆணி கழட்ட மாட்டேன்."

ரம்லாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. பிறகு ஜன்னல் பலகையில் மெதுவாக உட்கார்ந்து காலை வெயிலில் நீட்டினாள்.

"ஈக்கட்டும்" என்றாள்.

செல்லசாமி வெறுந்தேநீர் கொண்டுவந்தான். "இதுக்குப் புள்ளத்தாச்சி ஜன்னல்னு பேரு வச்சிருக்கோம்மா" என்றான்.

"அப்ப பாரமாக்கும். கழட்டிராதீங்க" என்றாள் ரம்லா.

"ஐயோ, மொதலாளி கொன்னே போடுவாரும்மா."

வெயில் நகர நகர அவள் அந்தப் பலகையில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரம்தான் திரும்பினார்கள். வேனில் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். எப்போது குடிபோகிறோம் என்று அவள் கேட்பாள் என அவர் காத்திருந்தார். அந்த வீட்டைப் பற்றி அவள் பிறகு பேசவேயில்லை.

தளவேலை முடியுமுன் ரம்லா மவுத்தாகிவிட்டாள். கட்டிலில் மூச்சு முட்டுகிறது என்று கூடத்து ஜன்னல் பலகையில் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தார்கள். சுவரைப் பார்த்தபடி போனாள். மையித்தை எடுக்கும்போது, அந்தப் பெரிய வாசற்கதவு முதல் தடவையாக இரண்டு பக்கமும் திறந்தது.

முஹ்ஸின் கடைக்குப் போகவில்லை. டயகமவுக்குப் போனார். ஒரு ஈரத்துணியோடு அறை அறையாகப் போய் ஒவ்வொரு வட்டமாகத் துடைத்தார். காய்ந்ததும் மங்கலாகத் திரும்பித் தெரிந்தன. திரும்பவும் துடைத்தார். செல்லசாமி பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் சாயத்த அடிச்சா போயிரும்ங்க."

"இல்ல. நான் தொடைக்கிறன்."

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பிறகு மகள் ரிஸ்லா வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். கண்டியில் கல்யாணம் செய்து கொடுத்த பெண். வாப்பா உம்மாவுக்கு ஒரு வீடு செய்தாராம் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போனார். கதவுகளெல்லாம் மாட்டியாகிவிட்டது. தளம் மெழுகு போட்டுப் பளபளத்தது. செல்லசாமி முற்றத்தில் யாரும் சொல்லாமலே ரோஜாப் பதியன் வைத்திருந்தான்.

ரிஸ்லா வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். நேரே ஜன்னல் அறைக்குப் போனாள். பின்னால் வந்த முஹ்ஸின் அவளுடைய முதுகைப் பார்த்தார், பக்கவாட்டில் திரும்பிய முகத்தைப் பார்த்தார். அது அவருக்குத் தெரிந்த முகம்.

"யா அல்லாஹ், வாப்பா, இது என்ன—"

"சொல்லாத, மகள்."

ரிஸ்லா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவருடைய கை அவளை மறிப்பது போல அந்தரத்தில் நின்றது.

"ஏன் வாப்பா?"

அவர் பலகையைக் காட்டினார்.

"அதுல இரி."

அவள் உட்கார்ந்தாள்.

"காலை நீட்டு. வெயில் படுதா?"

"படுது வாப்பா" என்றாள் அவள்.