பொன்முடி இறக்கத்தில் எரிந்த மஞ்சள் விளக்குகள்

என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அப்படித்தான் வண்டி என் கைக்கு வந்தது. வலியசாலை வீட்டிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து வீட்டுக்கும் ஓட்டுவேன். மலைப்பாதையில் ஒருநாளும் ஓட்டியதில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆபீஸ் அட்டெண்டரின் அம்மா இறந்துபோனார். அந்த அட்டெண்டர்ப் பெண் பொன்முடிப் பாதையில் உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பதினெட்டு வருஷமாக மத்தியானச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒரே மேஜையில்தான். என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் வேலை முடிந்து நேரே வந்து, நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்வரை அவர் கட்டிலருகே உட்கார்ந்திருப்பாள். அவளிடம் போனில் துக்கம் விசாரித்து முடித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏன்னா, நீங்க வரவேண்டாம். மலையேத்தம்."

"கார்தானே ஏறப்போறது? நானா ஏறப்போறேன்?" என்றார். "அவ எனக்குப் பண்ணினதுக்கு நான் போகாம இருந்தா நன்னா இருக்காது கேட்டியா."

கல்லாறு தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எதிரே பஸ் வருமோ என்று நான் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே ஏறினேன். லயத்தை அடைந்தபோது என் உள்ளங்கை இரண்டும் நனைந்திருந்தன.

லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். கடைசி வீட்டில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸாரையும் கூட்டிட்டு வந்துட்டீங்களேக்கா," என்றுதான் முதலில் சொன்னாள். பிறகுதான் அழுதாள். அவளுடைய தம்பி, எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும், எங்களுக்கு நாற்காலி போட்டார். இரண்டு மணிநேரம் இருந்தோம்.

கிளம்பும்போது நாலு மணி தாண்டியிருந்தது. லயத்துக்கு முன்னால் சரிவான மண்பாதை. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. ஹாரனை அழுத்தினேன். கையை எடுத்த பிறகும் ஹாரன் நிற்கவில்லை.

அழுத்தும் இடத்தைத் தட்டினேன், குத்தினேன். எஞ்சினை அணைத்தேன். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். அப்போதும் அது அலறிக்கொண்டே இருந்தது. துக்கவீட்டு வாசல் அது. நாய்கள் குரைத்தன. வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். பக்கத்துச் சீட்டில் இவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது.

தம்பி ஓடிவந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஜீப்பிலிருந்து ஸ்பேனர் எடுத்து வந்து பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றியதும்தான் சத்தம் நின்றது. நின்ற பிறகும் என் காதில் அது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஹாரன் பட்டன் உள்ளே ஒட்டிப்போச்சுக்கா. ஹாரனுக்குப் போற வயரைப் பிடுங்கிடறேன். டவுன்ல போய் மாத்திக்குங்க," என்றார். வயரைப் பிடுங்கினார். பேட்டரியைத் திரும்ப மாட்டி முறுக்கினார். ஹாரன் பேசவில்லை. அப்பாடா என்று சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் ஒரு மாதிரி இழுத்து உறுமிப் பிடித்துக்கொண்டது. அடுத்த நொடி டாஷ்போர்டு முழுக்க விளக்குகள். வழக்கமாக ஒரு கணம் எரிந்து அணைகிற விளக்குகள் இந்த முறை அணையவில்லை. நடுவில் இருந்த சின்னத் திரையில் இங்கிலீஷில் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஸ்டீயரிங் பழுது. பிரேக் சிஸ்டத்தைச் சோதிக்கவும். வழுக்கல் தடுப்பு வேலை செய்யவில்லை. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு 'டிங்'. கடிகாரம் பன்னிரண்டு மணி காட்டியது.

"இது என்ன தம்பி?"

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "எனக்கு ஜீப்புதாங்க்கா தெரியும். இதுல இத்தனை லைட்டு இருக்கிறதே இப்பதான் பார்க்கிறேன்."

திரும்பவும் அணைத்துப் போட்டேன். மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அதே வரிசை. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யலாமென்றால் சிக்னல் இல்லை. ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பிப் பார்த்தேன். எப்போதும் ஒரு விரலில் திரும்புவது, கல்லில் சிக்கியதுபோல் கனத்தது.

அவள் ஜன்னல் பக்கம் வந்து, "ராத்திரி இங்கே தங்கிடுங்கக்கா. காலைல பார்த்துக்கலாம்," என்றாள். துக்கவீட்டில் ஏற்கெனவே பத்துப் பேர் படுக்க வேண்டும். அதைவிட, இவருடைய ராத்திரி மாத்திரைகளை நான் எடுத்து வரவில்லை. சாயங்காலம் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. இவரைப் பார்த்தேன். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"போகலாம்," என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன்.

தம்பிதான் வழி சொன்னார். "சமதளத்துல ரெண்டு தடவை பிரேக் போட்டுப் பாருங்க. பிடிச்சா இறங்கலாம். நான் ஜீப்ல முன்னாடி போறேன். உங்களுக்கும் சேர்த்து நானே ஹாரன் அடிக்கிறேன். ரெண்டாம் கியரை மாத்தவே மாத்தாதீங்க." பிரேக் பிடித்தது. கிளம்பினோம்.

அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பயந்தேன்தான். ஆனால் அங்கே செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை, உட்கார்ந்திருந்தால் போதும். இங்கே எல்லாம் என் கையிலும் காலிலும் இருந்தது. ஜீப்பின் சிவப்பு விளக்கு இரண்டும் பனியில் கரைந்து கரைந்து தெரிந்தன. இடது பக்கம் பள்ளம். அதன் ஆழம் தெரியாதது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. 'பிரேக் சிஸ்டத்தைச் சோதிக்கவும்' என்று திரை சொல்லும்போதெல்லாம் என் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்துப் பார்த்தது. மிதிக்கிற ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை பிடிக்காது என்றுதான் நினைத்தேன்.

முதல் வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க வலதுபக்கம் ஒடிக்க வேண்டியிருந்தது. தோள் வலிக்க இழுத்தேன். வண்டி பாதிதான் திரும்பியது, முன்சக்கரம் ஓரக்கல்லுக்குப் பக்கத்தில் போய்விட்டது. நிறுத்தினேன்.  ஜீப்பும் முன்னால் நின்றது. பின்னால் எடுத்து, முழுக்க இடப்பக்கம் ஒடித்து, மறுபடி முழுக்க வலப்பக்கம் ஒடித்து எப்படியோ வெளியே வந்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நேரான துண்டில் ஒரு விளக்கு அணைந்தது. நான் நம்பவில்லை, பல்பு போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது வளைவு தாண்டியதும் இன்னொன்று அணைந்தது. ஸ்டீயரிங் கையில் சட்டென்று இலேசானபோது பயத்தில் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாலாவது வளைவில் திரை வெறுமையாக இருந்தது. ஏர்பேக் விளக்கு மட்டும் கீழே போய்ச் சேரும்வரை எரிந்தது.

கல்லாற்றில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினோம். தம்பி இறங்கி வந்து, "நல்லா ஓட்டினீங்கக்கா," என்று சொல்லிவிட்டு, பால் சேர்க்காத கட்டன் சாயாகூடக் குடிக்காமல் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு ஏறிப் போனார். அங்கே சிக்னல் கிடைத்தது. சர்வீஸ் சென்டரின் அவசர நம்பரில் ஒருவர் எடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அது பழுதே இல்லை என்று மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். பேட்டரியைக் கழற்றினால் ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வண்டி மறந்துவிடுமாம். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிவிட்டுக் கொஞ்சதூரம் நேராக ஓட்டினால் மறுபடி கற்றுக்கொள்ளுமாம். "பேடிக்கான் ஒந்நுமில்ல மேடம்," பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

சிரித்துக்கொண்டே காருக்குத் திரும்பினேன். "கேட்டேளா, ஒண்ணுமே இல்லையாம்," என்று கதவைத் திறந்தேன். உள்விளக்கு வெளிச்சத்தில் இவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. மலைக்காற்றில் எனக்குக் குளிர்ந்துகொண்டிருந்தது.

"என்ன பண்றது உங்களுக்கு?"

"இப்போ தேவலை."

"இப்போன்னா? எப்போலேர்ந்து?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஹாரன் அடிச்சப்பவே மாரை இறுக்கிப் பிடிச்சுது. நாக்குக்கடியில வைக்கிற மாத்திரையை வச்சுண்டேன். பாதி வழியில இன்னொண்ணு."

"சொல்லக்கூடாதா?"

"நீ ஏற்கெனவே நடுங்கிண்டு இருந்தே. சொன்னா நீ எப்படி ஓட்டுவே?"

 அவ்வளவு நேரமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது டாஷ்போர்டை. அவர் என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட நான் சரியாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லாற்றிலிருந்து ஆஸ்பத்திரிவரை எப்படி ஓட்டினேன் என்று இப்போது எனக்கு நினைவில்லை. ஹாரன் இல்லாத வண்டி. நெடுமங்காட்டுச் சந்தை நெரிசலில் ஜன்னலை இறக்கி, "வழி, வழி" என்று கத்திக்கொண்டே போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இவர் ஒரு கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அட்டாக் இல்லை, ஆனாலும் ஒருநாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டாவது மாத்திரை வைக்க வேண்டி வந்தபோதே வண்டியை நிறுத்தி உதவி கேட்டிருக்க வேண்டும் என்றார். யாரிடம், எந்த வளைவில் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் இவர் கட்டிலில் உட்கார்ந்து ரசஞ்சாதம் சாப்பிடும்போது, மூன்று மாதமாகச் சேர்த்துவைத்திருந்த எல்லாக் கோபத்தையும் கொட்டினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவர் சாப்பிடுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "சரி. இனிமே சொல்றேன்," என்றார்.

சொல்கிறார்தான். வாயு என்றாலும் சொல்கிறார், தூக்கம் வரவில்லை என்றாலும் சொல்கிறார். ராத்திரி அவர் "இங்கே பாரேன்" என்று கூப்பிட்டதும் எழுந்து உட்காருவேன். விளக்கைப் போட்டு முகத்தைப் பார்ப்பேன். பெரும்பாலும் தண்ணீர்தான் கேட்பார்.