பூஜைக்குக் கழுவிய டாங்கி

பகல் முழுக்கப் பீங்கான் கோப்பைகளில் அழுக்குத் தேடுவது என் வேலை. கடுகளவு கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். மாலையில் மாடி அறைக்கு வந்து, ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் பொம்மைப் போர் டாங்கியின் மேல் அதே அழுக்கைப் பார்த்துப் பார்த்துப் பூசுவேன். சிரிப்பார்கள் என்பதால் விருத்தாசலத்தில் ஒருவரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை என்பதுதான் நிஜம்.

மனைவி இறந்த பிறகு, கனடாவில் இருக்கும் மகன் முதல் டாங்கிப் பெட்டியை அனுப்பினான். "சும்மா உக்காந்திருந்தா மனசு கெட்டுடும்பா" என்றான். பாகங்களை வெட்டி, ஒட்டி, பளபளவென்று பச்சை அடித்துப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "ஷோரூம்ல நிக்கிற மாதிரி இருக்குதுப்பா. சண்டைக்குப் போயிட்டு வந்த வண்டி இப்படியா இருக்கும்?" என்று ஆரம்பித்து, சேறு எங்கே தெறிக்கும், பெயின்ட் எங்கே உரியும் என்று வெகுநேரம் பேசினான். அவன் அம்மா போன பிறகு நாங்கள் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். வண்டியைப் பழசாக்குகிற அந்த வேலைக்கு வெதரிங் என்று பெயர் என்பதையும் அவன்தான் சொன்னான். மற்றபடி டாங்கி மேல் எனக்கு என்ன பெரிய காதல்?

கற்றுக்கொண்டேன். ஸ்பாஞ்சைப் பிய்த்துத் தொட்டுத் தொட்டு எடுத்தால் பெயின்ட் பெயர்ந்த மாதிரி வரும். பென்சில் ஈயத்தைத் தேய்த்தால் சக்கரப் பட்டையின் விளிம்பில் இரும்பு மினுங்கும். சேற்றுக்கு மணிமுத்தாற்று மண்ணைத் துணியில் சலித்துக்கொள்வேன். செம்மண் தூசிக்கு உடைந்த கூரை ஓட்டை இடித்துக்கொள்வேன். ஒவ்வொரு டாங்கியும் முடிந்ததும் மகனுக்குப் படம் போகும். நீளமான பேச்சு குறுகி, இரண்டு வரியாகி, பிறகு வெறும் கட்டைவிரல் படமாகிவிட்டது. வேலை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்ததில் இன்னும் மெனக்கெடுவேன். அப்படி ஒரு முட்டாள்தனம்.

இந்த வருடத்து டாங்கியில் ஆறு மாதம் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் ஆற்றில் இறங்கி ஏறிய ஈரச் சேறு, மறுபக்கம் காய்ந்த புழுதி. மேலே பாதி உடம்பு தெரிய நிற்கும் வீரனின் முகத்திலும் புழுதி. வார்னிஷ் அடித்தால் தூசியின் உயிர் போய்விடும் என்று அடிக்காமல் விட்டிருந்தேன். இதைப் பார்த்தால் அவன் பேசாமல் இருக்க முடியாது என்று நம்பினேன். ஆயுத பூஜை லீவில் வெயிலில் வைத்துப் படம் எடுப்பதாகத் திட்டம்.

பூஜையன்று காலையில் கம்பெனிப் பூஜைக்குக் கிளம்பும்போது கீழ்வீட்டு அக்கா, அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர், கேட்டார். "சார், மாடியில கத்திரிக்கோலு, திருப்புளி எதுனா இருந்தா எங்க பூஜையிலயே வச்சிடட்டுமா?"

"எல்லாத்தையும் எடுத்துக்குங்கக்கா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம் திரும்பினால், வாசலில் அவர்கள் கார், அதன் பக்கத்தில் என் ஸ்கூட்டர், அதற்கும் பக்கத்தில் ஒரு மணைப்பலகையில் என் டாங்கி. பளிச்சென்று இருந்தது. சோப்புப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியிருந்தார். பீரங்கிக் குழாயில் மூன்று விரலாகச் சந்தனம், நடுவில் குங்குமம், சாமந்தி இதழ். சக்கரப் பட்டைகளுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுண்டைக்காய்.

வாய் வரைக்கும் வந்த வார்த்தையை எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை.

அக்கா பெருமையாக வந்து நின்றார். "எலுமிச்சம்பழம் வச்சிப் பாத்தேன் சார், வண்டிய விடப் பெருசா இருக்குது. அளவா இருக்கட்டும்னு கொல்லையில போயி சுண்டைக்காய் பறிச்சாந்தேன். எம்மாம் சேறு! ஒரு பக்கம் அதிகமா அப்பியிருந்துச்சு. ஆத்துல கீத்துல எறக்குனாங்களா?"

வந்த கோபத்தில் அப்படியே ஒரு படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். சிரிப்பான், இல்லை அதிர்ச்சியில் கூப்பிடுவான், எப்படியும் இன்றைக்குப் பேச்சு உண்டு என்று ஒரு ஓரத்தில் சந்தோஷம்கூட வந்தது.

மூச்சு விடுவதற்குள் பதில் வந்துவிட்டது. "சூப்பர்பா. வெதரிங் செம."

செல்போனைப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றேன். அவன் மேல் கோபம் வரவில்லை. அவன் எந்தப் படத்திலிருந்து பார்ப்பதை நிறுத்தியிருப்பான் என்று மட்டும் யோசித்தேன். அத்தனை மாலைகளும் யாருக்காக என்று நினைத்தபோது, மனைவி செத்த வீட்டில் முதல் நாள் தனியாகப் படுத்தபோது வந்த அதே பயம் வந்தது.

அக்கா பொரியும் பொட்டுக்கடலையும் ஒரு தட்டில் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் தயங்கினார்.

"சார், ஒண்ணு கேக்கணும். காலையிலேருந்து மனசு ஒரு மாதிரியா இருக்குது. மேல நிக்கிறாரே அந்த ஆளு, அவருக்கு ஒரு பக்கம் காது இல்ல. நான் தேச்சதுல போயிடுச்சா?"

பிளாஸ்டிக் பிசிறைச் சீவும்போது நான்தான் அந்தக் காதையும் சேர்த்துச் சீவிவிட்டிருந்தேன். மிளகைவிடச் சின்னக் காது.

"அது முன்னாடியே இல்லக்கா" என்றேன். கண் கலங்கிவிட்டது.

அக்கா என்ன நினைத்தாரோ, பதறிப்போய் உள்ளே ஓடி இன்னும் ஒரு கை பொரி அள்ளிவந்து என் தட்டில் போட்டார்.