வரப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர்

அவளை எல்லோரும் சொட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால்தான் விவசாயம் என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டிருந்தபோது, மாதுளைத் தோட்டம் முழுக்கக் கறுப்புக் குழாய் இழுத்து, மரத்தடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டவள். மரத்துக்குக் கண் மருந்து ஊற்றுகிறாயா என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வெயில் ஏறுமுன் மோட்டாரைப் போட்டுவிட்டு, உப்பு அடைத்த துளைகளை ஊசியால் குத்திக்கொண்டே வரிசை வரிசையாகப் போவாள். மரத்தைச் சுற்றிப் பரப்பிய வைக்கோலை விலக்கி, மண்ணைக் கையில் அமுக்கிப் பார்ப்பாள். உருண்டை பிடித்தால் அந்த மரத்துக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. கணவர் போன பிறகு அவளையும் மகளையும் காப்பாற்றியது அந்தத் தோட்டம்தான்.

வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் வாழைத்தோட்டம். அப்பா இருவருக்கும் பிரித்துக் கொடுத்த நிலம். தம்பி பாசக்காரன். அக்காவின் மோட்டார் நின்றுவிட்டால் சாப்பிட்ட கையோடு ஓடிவருவான். தண்ணீர் விஷயத்தில் மட்டும் பிடிவாதம். பாத்தி தளும்பினால்தான் அவனுக்கு மனசு நிறையும்.

இரண்டாம் வருடமும் மழை ஏமாற்றியபோது, அவளுடைய ஆழ்துளைக் கிணறு கொஞ்ச நேரம் தண்ணீரும் கொஞ்ச நேரம் வெறும் காற்றுமாகக் கக்கியது. அந்தச் சமயத்தில்தான் தம்பி தன் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கத் துளை போடும் வண்டி கொண்டுவந்தான். அவள் வரப்பைத் தாண்டிப் போனாள்.

"அடியில ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிதான்டா. நீ ஆழமா போனா எனக்கு வராது. வாழையைக் குறைச்சுக்கோ, குழாய் நான் போட்டுத் தர்றேன்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "குலை தள்ளுற நேரம்க்கா. இப்ப விட்டா எல்லாம் போச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

வண்டி இரையத் தொடங்கியது. அதற்கு மேல் பேசினாலும் கேட்டிருக்காது.

அவளுக்குக் கிடைத்த தண்ணீர் பாதித் தோட்டத்துக்குத்தான் கண்டது. மேட்டுப்பக்கத்துக் குழாய்களை அவளே மூடினாள். இலை சுருண்டது, பூ கொட்டியது, பிஞ்சுகள் கல்லாக இறுகின. ஒரு நாள் கோடரியோடு கிளம்பினாள். மகள் மறித்தாள்.

"தாகத்தோட நிக்கறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியலடி" என்று சொல்லிவிட்டு, காய்த்த மரங்களைத் தன் கையாலேயே வெட்டினாள்.

அந்த வாழை விளைந்தது. அடுத்த கோடையில் தம்பியின் கிணறும் கையை விரித்தது. ஒரு மத்தியானம் வந்து அவள் வீட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்தான். மேட்டுப்பக்கத்துக் குழாய் சும்மாதானே கிடக்கிறது என்று மெதுவாகக் கேட்டான். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எழுந்துபோய்க் குழாயைச் சுருட்டினாள். வெயிலில் காய்ந்து வெடித்த இடங்களை ஒட்டுப்போட்டு, இருவருமாக அவன் நிலத்தில் விரித்தார்கள். மோட்டாரைப் போட்டதும் சொட்டியது. பிறகு அந்தச் சொட்டும் நின்றுபோனது.

"நீ அப்பவே சொன்னே" என்றான்.

"சரி, விடு."

அவன் குடும்பத்தோடு நகரத்துக்குப் போய், ஒரு கம்பெனியில் காவலாளியாகச் சேர்ந்தான். அவளிடம் பாதி மரங்கள் பிழைத்திருக்கின்றன, பழம்தான் சிறுத்துவிட்டது. தம்பி அடிக்கடி போன் செய்வான். பிள்ளைகளின் படிப்பு, அவளுடைய முழங்கால் வலி என்று ஏதேதோ பேசுவார்கள். நிலத்தைப் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை. போன தடவைதான் அவனாகவே சொன்னான்:

"இங்க வாசல்ல புல்லுக்குப் பகலெல்லாம் தண்ணியைத் திறந்து விட்டுட்டுப் போயிடறாங்கக்கா. நான் போய்ப் போய் மூடிட்டு வர்றேன்."

அவள், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.