உப்பில்லாப் பத்தியம்

என் கணவரின் கண் மஞ்சளானதை முதலில் பார்த்தவள் நான். ஆனால் அதற்கு வைத்தியம் சொல்லும் உரிமை என்னைத் தவிர, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் இருந்தது. காமாலை என்றார்கள். காமாலை என்றால் கீழாநெல்லி. கீழாநெல்லி என்றால் பத்தியம். பத்தியம் என்றால் உப்பு, புளி, எண்ணெய், மீன் எதுவும் கூடாது. ஜப்பான்காரன் ஆட்சியில் இவற்றில் ஒன்றும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் தாராளமாகக் கிடைக்கவில்லை. ஆகவே தோட்டமே பத்தியம் இருந்துகொண்டிருந்தது. என் கணவர் மட்டும் அதை மருந்து என்ற பெயரில் இருந்தார்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர் எங்கள் மண்டோர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்குபவர். வெள்ளைக்காரத் துரைக்குக் குடை பிடித்தவர் அவர். ஜப்பான்காரனுக்கு எவ்வளவு ஆழமாகக் குனிய வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டவரும் அவர்தான். காலையில் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிப்பார். மாலையில் காமாலைக்கு மருந்து அரைப்பார். இரண்டில் எதற்குப் போனவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

என் கணவர் தோட்டத்து லாரி ஓட்டியவர். லாரியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டதும் மரவள்ளிக் காட்டில் மண்வெட்டி பிடித்தார். அங்கேதான் வலி தொடங்கியது. மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை குத்தும். குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். சயாமுக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான் என்றார் மண்டோர். உடம்பு மஞ்சளாகி, கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவிய பிறகுதான் அந்த வலிக்கு லயத்தில் மதிப்பு வந்தது.

வீட்டில் மூன்று வயிறு. நிரப்பியது என் படிப்பு. எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் முடித்து, சுங்கைப்பட்டாணி டவுனில் சில வருடம் இங்கிலீஷும் படித்தவள். ஜப்பான்காரன் வந்ததும் ஓர் அவசரப் பயிற்சியில் அவன் எழுத்தையும் கற்று, தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியை ஆனேன். தினமும் காலையில் பிள்ளைகளைத் தோக்கியோ இருக்கும் திசையில் குனியச் செய்ய வேண்டும். அந்தத் திசையில் எங்கள் தோட்டத்து மாட்டுக்கொட்டகை இருந்தது. மலாயாவில் எங்கள் மாடுகளைப்போல மரியாதை பெற்ற மாடுகள் இருந்திருக்காது. அந்த வேலைக்குக் கிடைத்த அரிசியில்தான் நாங்கள் கஞ்சி குடித்தோம். படித்தவள் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்று கல்யாணத்தின்போது சொன்ன என் மாமியாரும் குடித்தார். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

மாட்டுவண்டியில் அவரைச் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நெடுநேரம் கேள்வி கேட்டார்.

"இது வெறும் காமாலை இல்லம்மா. இரைப்பைக்குப் பின்னால பாங்கிரியாஸ்னு ஒரு உறுப்பு இருக்கு. அதுல கட்டி. பித்தம் போற வழியை அது அடைச்சிருக்கு. அதனாலதான் இந்த மஞ்சள்."

"ஆபரேஷன்?"

"முத்திப்போச்சு. சண்டையில்லாத காலமா இருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்."

"பத்தியம் இருக்காரு, டாக்டர்."

"எதுக்கு? உள்ளே இறங்குறதைச் சாப்பிடட்டும். ஆசைப்பட்டதைக் குடுங்க."

வண்டியில் திரும்பும்போது என் கணவர் கேட்டார். "டீச்சர், அது பேரு என்ன சொன்னாரு?" கல்யாணமான நாள் முதல் எனக்கு அவர் வைத்த பெயர் அது.

"பாங்கிரியாஸ்."

"இத்தனை வருசமா உள்ளயே இருந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லல பாரு." சற்று நேரம் குனிந்து வலியை அடக்கிக்கொண்டார். "ஆசைப்பட்டதைக் குடுக்கச் சொன்னாரு, காதுல விழுந்துச்சா? எனக்குக் கருவாட்டுக் குழம்பு வேணும்."

அவரை என்னால் காப்பாற்ற முடியாது என்று அன்று தெரிந்தது. விழுங்க முடிகிற நாள்களுக்குள் அந்தக் குழம்பையாவது அவர் சாப்பிட்டாக வேண்டும் என்று வண்டியிலேயே முடிவு செய்தேன்.

வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கரித்துண்டால் தரையில் இரைப்பை வரைந்து, பின்னால் பாங்கிரியாஸும் வரைந்தேன். மண்டோர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"எங்கப்பா காலத்துல யாருக்கும் இது இருந்ததில்லையே."

"எல்லாருக்கும் இருக்கு, மண்டோர். உங்களுக்கும் இருக்கு."

அவர் ஓரடி பின்வாங்கினார். என் மாமியார் விளக்குமாற்றை எடுத்து என் படத்தைப் பெருக்கித் தள்ளினார். "படிச்சா புருசன் வயித்துக்குள்ள இருக்கிறதெல்லாம் தெரியுமோ? பத்தியம் முடியட்டும். எம்புள்ள எந்திரிச்சிருவான்."

அவரிடம் சண்டை போடுவது கடினம். மகனுக்கு உப்பு இல்லை என்ற நாள் முதல் அவரும் உப்பை விட்டிருந்தார். வீட்டில் இருக்கும்வரை அடுப்படியைவிட்டு நகரவும் மாட்டார். பார்க்க வந்தவர்களும் சும்மா வரவில்லை. "ரொம்ப இளைச்சிட்டாரே" என்று என் கணவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பொருளை விலக்கிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவருக்கு விலக்க எதுவும் மிஞ்சவில்லை. வெந்நீர் ஆகாது என்றார்.

கருவாடு வேண்டுமென்றால் தஞ்சோங் டாவாய்க்குத்தான் போக வேண்டும். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்து மீனவக் கிராமம். ஜப்பான் நோட்டை அங்கே யாரும் மதிப்பதில்லை, துணிக்குத்தான் மதிப்பு என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னிடம் கிழியாமல் இருந்தது கூறைப்புடவை ஒன்றுதான். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"என்ன யோசனை?" என்றார் பாயில் கிடந்தபடி. "எனக்கப்புறம் நீ அதைக் கட்டப்போறதில்ல. கட்டவும் விடமாட்டாங்க. பெட்டியில பூச்சி திங்கிறதுக்கு முந்தி நான் தின்னுக்கிறேன்லா."

ஆசிரியர் கூட்டம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, டயருக்குப் பதில் ரப்பர்க் குழாய் சுற்றிய சைக்கிளில் கிளம்பினேன். ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்குக் கிடைத்த டயர் அவ்வளவுதான். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறியது. தஞ்சோங் டாவாயில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாள், மக்சிக் என்று கூப்பிட்டேன், புடவையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் ‘சாகிட்’, கணவருக்கு வியாதி என்றேன். பேசிய அளவுக்கு மேல் ஒரு கைப்பிடி அள்ளிப்போட்டு, புடவையின் முந்தானையைக் கிழித்து அதிலேயே கருவாட்டைக் கட்டித் தந்தார். எந்த வியாதி, என்ன பத்தியம் என்று அவர் கேட்கவில்லை. ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் மாமியார் மரவள்ளிக்குக் களை எடுக்கப் போன நேரத்தில் சமைத்தேன். புளிக்குப் பதில் பிலிம்பிங் காய் போட்டேன். எல்லாம் மறைக்கலாம், லயத்தில் கருவாட்டை மறைக்க முடியாது. வரிசையில் அத்தனை கதவும் திறந்தது. பிறகு மண்டோர் வந்தார்.

"என்னம்மா நாத்தம்?"

"வாசனை, மண்டோர்."

"புருசனைக் கொல்லப் பாக்கிறியா?"

பாயிலிருந்து பதில் வந்தது. "அண்ணே, சயாமுக்கு ஆள் அனுப்புறது நீங்க. கொல்றதைப் பத்தி அவகிட்ட போய்க் கேக்குறீங்களே."

மண்டோர் வாசலோடு திரும்பிப் போனார். சாகக் கிடப்பவனை எங்கேயும் அனுப்ப முடியாது என்பது அன்று அவருக்குப் பெரிய குறையாக இருந்திருக்கும்.

என் கணவரைச் சுவரில் சாய்த்து, முன்னால் தலையணையை அணைத்துக்கொள்ளக் கொடுத்து, ஊட்டினேன். ஒரு வாய் இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. முள்ளை வாங்கி நெடுநேரம் சப்பினார். மாதக்கணக்கில் உப்பைக் காணாத மனிதர் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுச் சொன்னார்:

"உப்பு கொஞ்சம் தூக்கல், டீச்சர்."

களைக்காட்டிலிருந்து வந்த மாமியார் சட்டியை முகர்ந்து பார்த்தார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்தினார். மிச்சக் கருவாட்டைக் கரியில் சுட்டு, துண்டு துண்டாகக் கொடுத்துவந்தேன். முடிவில் தின்ன முடியவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். கடைசித் துண்டும் அப்படித்தான் தீர்ந்தது. அதன்பின் ஒரு காலையில், நானும் பிள்ளைகளும் மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக் குனிந்திருந்தபோது, வீட்டிலிருந்து ஆள் வந்தது.

உப்புப் போட்டுக் கொன்றுவிட்டேன் என்று லயம் தீர்ப்பளித்தது. ஒப்பாரியிலும் சேர்த்துப் பாடினார்கள், எதுகை தவறவில்லை.

எட்டாம் நாள் படையல். இறந்தவர் விரும்பித் தின்றதை எல்லாம் இலையில் வைக்க வேண்டும். ஏற்பாடு பார்க்க மண்டோர்தான் வந்தார்.

"கருவாட்டுக் குழம்பு வச்சிரும்மா. அவனுக்கு அதுன்னா உசுரு. வைக்காட்டி ஆத்மா அடங்காது."

கூட இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது விஷமாக இருந்தது, மூச்சு நின்றதும் கடமையாகிவிட்டது.

"இல்ல, மண்டோர். உசிரோட இருக்கும்போதே தின்னு தீர்த்துட்டாரு."

இலையில் அவித்த மரவள்ளியை வைத்துக் கும்பிட்டோம். பிறகு சாப்பிட உட்கார்ந்த மண்டோர் ஒரு துண்டை வாயில் போட்டு முகம் சுளித்தார். "உப்பு இல்லையா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் சொன்னார். "இந்த வீட்டுக்கு உப்பு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. தின்னுங்க."

எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் அருகில் வந்து உட்கார்ந்தார். கருவாடு வந்த பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

"அன்னைக்கு நல்லா சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாரு, அத்தை. உப்பு தூக்கல்னு குறை சொன்னாரு."

"சொல்லுவான்," என்றார். "என் சமையலையும் அவன் ஒரு நாள் நல்லாருக்குன்னு சொன்னதில்ல." கழுவிய தட்டை என் கையிலிருந்து வாங்கித் துடைக்கத் தொடங்கினார்.