அஞ்சலிக்குக் கீழே வந்த விளம்பரம்

வலைப்பூ வைத்திருப்பவருக்கு எழுதுவது பாதி வேலை என்றால், பின்னூட்டப் பெட்டியைக் கூட்டிப் பெருக்குவது மீதி வேலை. அந்தத் துடைப்பத்தைப் பிடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். என் வீட்டுக்காரர் செந்தில் லாரி ஓட்டினார். எந்த ரோடு மோசம், எங்கே வண்டியை நம்பி நிறுத்தலாம் என்று போனில் சொல்வார். ராசிபுரத்தில் உட்கார்ந்து நான் எழுதுவேன். நாமக்கல் பக்கத்து டிரைவர்கள் நிறையப் பேர் படித்தார்கள்.

வெளிநாட்டு வேலை

கனடாவுக்கு டிரைவர்கள் தேவை என்று ஒரு பின்னூட்டம் பதிவுகளுக்கு அடியில் வந்து ஒட்டிக்கொண்டே இருந்தது. அழிக்க அழிக்க வேறு பெயரில் வரும். நான் பார்ப்பதற்குள் ஒன்றை எடப்பாடி டிரைவர் ஒருவர் படித்துவிட்டார். அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டு, வந்த ஆளிடம் பாஸ்போர்ட்டையும் ஒரிஜினல் லைசென்ஸையும் கொடுத்திருக்கிறார். அப்புறம் அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. வண்டி ஏற முடியாமல் மனிதர் வீட்டோடு முடங்கினார்.

செந்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போலீஸுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் அலைந்தார். ஒருநாள் நானும் அந்த டிரைவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அது நாங்கள் எழுதியதில்லை, யாரோ போட்டது என்று விளக்கினேன். அவர் மனைவி காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “உங்க பக்கத்துல வந்துதுங்க, அதனாலதானுங்க நம்புனோம்.”

மிகப் பயனுள்ள தகவல்

நாக்பூர் தாண்டி நடந்த ஒரு விபத்தில் செந்தில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவர் படத்தைப் போட்டுச் சின்னதாக ஓர் அஞ்சலி எழுதினேன். முதல் பின்னூட்டம் வந்தது: ‘மிகப் பயனுள்ள தகவல். இவரைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.’ அதன் கீழே, முடி கொட்டுவதை நிறுத்தும் எண்ணெய்க்கு ஒரு சுட்டி. எந்திரம் தானாக ஒட்டியது. திட்டுவதற்குக்கூட அந்தப் பக்கம் மனிதர் யாரும் இல்லை.

அழிக்கப் போனேன். பக்கத்தில் இருந்த மாமனாருக்குக் கண் மங்கல். யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்து படிக்கச் சொன்னார். எண்ணெயை விட்டுவிட்டு மேலே இருந்ததை மட்டும் படித்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டவர், அதை விலக்காமலே சொன்னார்: “மொகந் தெரியாதவங்ககூட நம்ம பையனைப் பத்திக் கேக்கறாங்க பாரு சாமி, அதை அழிச்சுப்போடாத.”

சல்லடையில் சிக்கியது

பிறகு பின்னூட்டங்களைச் சலிக்கும் வசதியைப் போட்டேன். சந்தேகமானதெல்லாம் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடும். ஒரு மத்தியானம் அதைக் காலி செய்யும்போது செந்தில் பெயர் கண்ணில் பட்டது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, வரிக்கு வரி ஒரே போன் நம்பர். எந்தச் சல்லடையும் பிடிக்கத்தான் செய்யும். கூப்பிட்டேன். சேலத்தில் டயர் கடை வைத்திருக்கும் ரஹீம் பாய் பேசினார். விபத்தன்று கடைக்கான டயர் லோடோடு செந்தில் வண்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர், விபத்தைப் பார்த்து இறங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருந்திருக்கிறார். அது யார் என்று, வலைப்பூவில் படத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்ததாம்.

ரோட்டோரத்தில் யாருமில்லாமல் கிடந்தாரோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்காமல் இருந்த காலம் அது. நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: “அவரு தனியாப் போகலம்மா, தலை என் மடியிலதான் இருந்துச்சு, தண்ணி குடுத்தேன், குடிச்சாரு.”

அன்று முதல் எதையும் முழுசாகப் படிக்காமல் அழிப்பதில்லை. விளம்பரம் ஒட்டுகிறவர்களுக்கு இவ்வளவு சிரத்தையான வாசகி தமிழ்நாட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்.