ஸ்வெட்டரில் சுற்றி வந்த மெமரி போர்டு

மதியம் இரண்டு நாற்பதுக்குத் தகவல் வந்தது. மலையடிவாரத்துச் சந்தவாசல் கடையிலிருந்து பஸ் கண்டக்டர் போனில் கத்தினார்.

"சார், உங்க பெங்களூரு பார்சல் வந்துக்குது. நானே எடுத்தாந்துர்றேன்!"

எண்பதுகளின் கடைசி. ஜவ்வாது மலைமேல் ஒரு வானாய்வுக் கூடத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. என் மனைவி ரெஜினாவுக்கும் அங்கேதான். காய்ச்சலில் அவள் இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை...

டெலஸ்கோப் எடுத்த படங்களை ஒட்டி ஒரே வானமாகக் காட்ட அவள் ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தாள். எங்கள் வொர்க்ஸ்டேஷனுக்கு மெமரி பத்தாது. துண்டு துண்டாகத்தான் ஓடும். முழுப் படத்தை அவள் பார்க்கவேயில்லை.

ஒரு தடவையாவது அதை முழுசாக ஓட்டிவிட வேண்டும். வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை எனக்கு.

மெமரிக்கு மெஷின் கம்பெனி சொன்ன விலையைப் பார்த்து எங்கள் இன்சார்ஜ் சம்பத் சார் சிரித்தார். "இதுக்கு ஒரு ஜீப்பே வாங்கிக்கலாம்பா."

பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து, பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியைப் பிடித்தேன். அதே மெஷினுக்குப் பொருந்தும் போர்டு, கால்வாசி விலை. ஆனால் வெளி ஆள் போர்டைப் போட்டால் வாரண்டி போய்விடும். இருந்தும் சம்பத் சார் கையெழுத்துப் போட்டார்.

"எரிஞ்சா என் தலையிலதான் விடியும். வாங்கு."

பஸ் வந்தது. கண்டக்டர் ஒரு கம்பளி ஸ்வெட்டர் மூட்டையை நீட்டினார்.

"டப்பா, கவரு எல்லாம் லாரிலயே கிழிஞ்சி போச்சு சார். வளைவுல அடிபடக் கூடாதுன்னு என் ஸ்வெட்டர்ல சுத்தினு வந்தேன்."

கம்பளி உரசலில் வரும் மின்சாரம் போதும், சிப் போய்விடும்...

"ரொம்ப நன்றிண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனதும் சம்பத் சார் போர்டைத் திருப்பிப் பார்த்தார். "செத்துருக்கும்டா..." என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமலே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

ஸ்விட்சைப் போட்டோம். திரையில் மெமரி எண் ஏறியது... பழைய அளவைத் தாண்டி ஏறியது.

"வந்துக்குதுடா!" என்று கத்தினார் சம்பத் சார்.

ப்ரோகிராமை ஓட்டினேன். முன்பெல்லாம் மெமரி பத்தாமல் டிஸ்க்கில் போட்டுப் போட்டு எடுப்பதில் ஒரு துண்டு முடியவே அரை நாள் ஆகும். அதுவரை நானும் ரெஜினாவும் வெளியே படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்போம். கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டுக்கு முதலில் போவது என்று சண்டை போடுவோம். "இன்னா, முடிஞ்சிச்சா பாரு போ" என்று என்னைத்தான் எழுப்புவாள். எங்கள் குடும்ப வாழ்க்கை பாதி அந்தக் காத்திருப்பில்தான் நடந்தது.

அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதற்குள் முடிந்துவிட்டது.

திரை முழுக்க நட்சத்திரம். "பொண்ணு ஒரு எடத்துல கூட தப்பு வுடலடா" என்றார் சம்பத் சார். அவர்தான் அழுதார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

இன்று என் சட்டைப்பையில் இருக்கும் போனில் அதைவிடப் பல மடங்கு மெமரி. எதைத் தொட்டாலும் அடுத்த நொடி வந்து நிற்கிறது, காத்திருக்கவே விடுவதில்லை...

போனை அணைத்து வைத்துவிட்டேன்.